கையும் சுவிட்சும் ஒருவரிடமே இருக்கட்டும்

(குழாய்ப் பணியாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  எனக்குப் போர்த்திய பொன்னாடையைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

நான் மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் என் இடது கையைப் பார்த்தார்கள். மோதிர விரல் மடங்காது. பிறவியில் வந்ததல்ல. உறையூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. இன்றைக்கு என் பேச்சு முழுக்க அந்தப் பின்கட்டில்தான் நடக்கப்போகிறது.

கிணற்றடி ஓரம் வேப்பமரம். கழிவறையிலிருந்து தெருச் சேம்பர் வரை பழைய மண் குழாய், நாம் ஸ்டோன்வேர் பைப் என்கிறோமே அதுதான். அந்தக் குழாய்க்கு இரண்டடிக்கு ஒரு ஜாயின்ட் இருக்கும். சிமென்ட் பூச்சு வெடித்த ஜாயின்ட்டில் மயிரிழை போல ஒரு வேர் நுழைந்தால் போதும். உள்ளே தண்ணீரும் எருவும் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, வேருக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு மழைக்காலத்தில் துடைப்பக்கட்டை போல அடைத்துக்கொள்ளும். மூங்கில் தப்பையை விட்டுக் குத்தினால் ஓட்டை விழும், தண்ணீர் இறங்கும், காசு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், மூன்று மாதத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். வேரை அறுக்கவேண்டுமானால் மோட்டார் வைத்த ஸ்பிரிங் மெஷின்தான்.

மெஷினைக் கொண்டுபோனேன். அதில் காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அது கெட்டுப்போய் மூன்று மாதம். சரிசெய்ய நேரமில்லை என்று ஒயரை நேராக முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தேன். ஆக, மெஷினை ஓட்டவும் நிறுத்தவும் சுவர் சுவிட்சுதான் வழி. அந்தச் சுவிட்ச் அடுப்படியில். அங்கே உதவிக்கு வந்த பையனை நிறுத்திவிட்டு, நான் பின்கட்டில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, போடட்டா?"

"போடுடா."

இருபதடி போயிற்று. ஸ்பிரிங் நுனியில் இருந்த கட்டர் வேரைக் கடித்தது. கடித்தது நகரவில்லை. மோட்டார் சத்தம் இறங்கியது, என் கைக்குள் ஸ்பிரிங் முறுக்கேறியது. "நிப்பாட்டு!" என்று கத்தினேன். அடுப்படியில் அந்த வீட்டம்மா மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பையன் நல்ல பையன், அதுதான் வினை. அண்ணன் ஏதோ கூப்பிடுகிறார் என்று, சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, நிலைப்படியில் நின்று கேட்டான்: "என்னண்ணே?"

அந்தக் கேள்வி என் காதில் விழுந்தபோது என் கையுறையின் நூல் ஸ்பிரிங்கில் மாட்டியிருந்தது.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். மெஷின் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஆறேழு சுற்று. நான் கத்தி, அது இன்னொருவன் காதில் விழுந்து, அவனுக்குப் புரிந்து, அவன் கை சுவிட்சுக்குப் போக இரண்டு விநாடி என்றால், முனையில் கட்டர் சிக்கி நிற்கும்போதே இந்தப் பக்கம் பதின்மூன்று முறுக்கு ஏறிவிட்டது. காலடியில் சுவிட்ச் இருந்திருந்தால்? கத்தவே வேண்டாம். பயந்து நாம் துள்ளினாலே கால் எழுந்துவிடும். பயத்தையே பிரேக்காக மாற்றிவைத்திருக்கிறான் அதைச் செய்தவன். அதைத்தான் நான் டேப் சுற்றிக் கெடுத்து வைத்திருந்தேன்.

முறுக்கு என்ன செய்யும் என்பதற்குப் படமெல்லாம் வேண்டாம். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை அளவுக்கு மேல் முறுக்கினால் புரி என்ன செய்கிறது? நடுவில் நெளிந்து, தன்மேல் தானே ஏறி, சட்டென்று மடங்கிக்கொள்கிறது. இரும்பு ஸ்பிரிங்கும் அதையேதான் செய்கிறது. குழாய்க்குள் இருக்கிற பாகத்தைக் குழாய்ச் சுவர் பிடித்துக்கொள்ளும். அதனால் மடிப்பு விழுவது வெளியே, குழாய் வாய்க்கும் மெஷினுக்கும் நடுவே இருக்கிற திறந்த இடத்தில். அங்கேதான் நம் கை இருக்கிறது. நம் முழங்கால் இருக்கிறது, குனிந்து பார்த்தால் முகமும் இருக்கிறது.

அதனால்தான் மெஷின் குழாய் வாயிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது என்கிறார்கள். கழிவறை சின்னது, மெஷின் உள்ளே நுழையாது, வராந்தாவில் வைத்துக்கொள்கிறேன் என்று ஆறடி ஸ்பிரிங்கை அந்தரத்தில் ஆடவிட்டால், அந்த ஆறடியும் மடங்கக் காத்திருக்கிற ஆறடி. வேறு வழியே இல்லையென்றால் நடுவில் ஒரு பைப் துண்டைக் கவசமாக மாட்டி, அதற்குள் ஸ்பிரிங்கை ஓட்டுங்கள். வெளியே தெரிகிற நீளம் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும்.

இந்த மெஷின் எங்கிருந்து வந்தது என்று இந்த வருஷம் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்று ஒருவர். 1933-இல் மகன் குடியிருந்த வீட்டில் அடைப்பு. தோண்டிப் பார்ப்பதைத் தவிர அப்போது பெரிய வழியில்லை. அவர் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, சறுக்குக் காலணியின் சக்கரங்களை மாட்டி, இரும்புக் கேபிளின் நுனியில் கத்தி வைத்து, வேரை அறுக்கும் மெஷினைச் செய்தார். அதற்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி: ரோட்டோ ரூட்டர். பழைய சாமானில் செய்தது என்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு பாசம். நாமும் அப்படித்தானே செய்கிறோம்?

ஆனால் அப்படிச் செய்வதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நம்மூரில் இப்போது கை ட்ரில் மெஷினில் ஸ்பிரிங்கை மாட்டி அடைப்பு எடுக்கிறார்கள். சின்ன சிங்க் குழாய்க்கு, அதற்கென்றே செய்த மெல்லிய ஸ்பிரிங்கை மெதுவான வேகத்தில் ஓட்டினால் பரவாயில்லை. ட்ரில்லில் விரல் விசைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். என் உதவிக்கு வந்த பையன் அடுப்படியில் நின்றதும் அந்தப் பொத்தானும் ஒன்றுதான். நிறுத்தும் அதிகாரம் உங்கள் உடம்பைவிட்டு வெளியே போய்விடுகிறது.

கையுறைக்கு வருகிறேன். எனக்கு வினையானது வெள்ளை நூல் கையுறை. பேருக்குப் பாதுகாப்பு, உண்மையில் திரி. சுற்றுகிற ஸ்பிரிங்கின் இடுக்கில் ஒரு நூல் போனால் கையுறையே உள்ளே போகும், கையுறையோடு கை போகும். ரப்பர் கையுறையும் ஆகாது, அது ஸ்பிரிங்கில் ஒட்டிச் சுருளும். ஸ்பிரிங்கைத் தொட நல்ல கனமான தோல் கையுறைதான். சாக்கடைத் தண்ணீர் படுமே என்றால் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, மேலே தோல் கையுறையைப் போடுங்கள். லுங்கி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் கயிறு, கையில் கட்டிய கயிறு, இவை எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது. சாமி கயிறாயிற்றே என்பார்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, ஒரு மணிநேரம் பெட்டியில் வைத்துவிட்டு வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி எலெக்ட்ரீஷியன்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாம் நிற்பது ஈரத்தில், பிடித்திருப்பது இரும்பை, அந்த இரும்பு போயிருப்பது தண்ணீருக்குள். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது என்பார் வீட்டுக்காரர். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., அதிலும் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அறுத்துக்கொள்கிற வகை. அதன் நெற்றியில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அதை அழுத்திப் பாருங்கள். அதன் விசை கீழே விழவில்லையென்றால் அந்த வீட்டில் மெஷினை மாட்டாதீர்கள். பழைய வீடுகளில் அது இருக்காது. அதற்காக நான் ஆர்.சி.சி.பி. வைத்த ஒரு சின்னப் பெட்டியை மெஷினோடேயே கொண்டுபோகிறேன். மூன்று முனை பிளக்கில் மேலே இருக்கிற முனை மட்டும் ஏன் நீளம் என்று யோசித்திருக்கிறீர்களா? எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காக. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டி எறிகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, மெஷினைத் தொடுவதற்கு முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி. "அம்மா, குழாயில் ஏதாவது ஊற்றினீர்களா?" இதை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை இல்லை என்பார்கள். இரண்டாம் முறை, வெந்நீர்தான் ஊற்றினேன் என்பார்கள். மூன்றாம் முறைதான் ஆசிட் பாட்டில் வெளியே வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, கடையில் விற்கிறார்கள், வாங்கி ஊற்றுகிறோம். ஆனால் அடைபட்ட குழாயில் ஊற்றிய ஆசிட் எங்கும் போகாது, அங்கேயே நிற்கும். ஸ்பிரிங் அதில் முங்கி, சுற்றிக்கொண்டே வெளியே வரும்போது நாலாபக்கமும் தெறிக்கும். கண் மட்டத்தில் குனிந்திருக்கிறவன் நாம். ஆசிட் ஊற்றி, போதாதென்று பிளீச்சிங் பவுடரும் போட்டிருந்தால் அது இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும், கழிவறைக்குள் மூச்சு அடைக்கும். அப்படி ஊற்றியிருந்தால் அன்றைக்கு மெஷின் போடமாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும். கண்ணாடி எப்போதும் வேண்டும், ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும்.

ஸ்பிரிங்கின் பருமன் பற்றி ஒரு சொல். 16 மில்லிமீட்டர் ஸ்பிரிங் துண்டு ஏழரை அடி நீளம் வரும், 22 மில்லிமீட்டர் என்றால் பதினைந்தடி. சின்னது கையில் லேசாக இருக்கிறது என்று அதையே பெரிய குழாயிலும் விடுகிறோம். அகலமான குழாயில் மெல்லிய ஸ்பிரிங்குக்குச் சுவர் பிடிமானம் கிடைக்காது, உள்ளேயே பாம்பு போலச் சுருண்டு திரும்பிக்கொள்ளும். போய்க்கொண்டே இருக்கிறதே, நாற்பதடி போயிற்றே என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். அது இருபதடியில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்.

உள்ளே விடும்போது இரண்டு கையும் ஸ்பிரிங்கில் இருக்கட்டும். அரையடி அரையடியாகத் தள்ளுங்கள். அமுக்காதீர்கள், அறுப்பது கட்டரின் வேலை, நம் தோளின் வேலை அல்ல. மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். நல்ல ஓட்டத்தில் ஒரே சுருதியில் பாடும், சிக்கினால் சுருதி இறங்கும். அதற்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும், உள்ளங்கையில் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாயும், லேசாக வில் போல வளையும். அந்த இடத்தில் காலை எடுங்கள். எடுத்துவிட்டு யோசியுங்கள். கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓட்டி, மெல்ல அணுகுங்கள். ரிவர்ஸ் என்பது சிக்கிய தலையை விடுவிக்க மட்டும், அதுவும் ஒரு விநாடி, இரண்டு விநாடி. ரிவர்ஸிலேயே அடைப்பை எடுத்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஸ்பிரிங்கின் புரியைத்தான் அவிழ்க்கிறார்கள்.

இப்போது, நான் இங்கு வந்ததற்கு இன்னொரு காரணம். அன்றைக்கு உறையூரில் என் விரல் ஒடிந்தது பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்பிரிங்கின் கடைசித் துண்டும் கட்டரும் கழன்று உள்ளேயே நின்றுவிட்டன. புது கட்டர். என்னைக் கூட்டிப்போக ஆட்டோ வருவதற்குள் அந்தப் பையன் தெருச் சேம்பர் மூடியை நெம்பித் திறந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நான் இறங்கி எடுத்துடறேண்ணே, உங்களுக்கு நஷ்டம் வேண்டாம்."

ஒற்றைக் கையால் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன்.

மெஷின் வந்ததே மனிதன் குழிக்குள் இறங்கவேண்டாம் என்பதற்காகத்தான். அந்த மெஷினின் துண்டை எடுக்க மனிதனை இறக்கினால் அந்தக் கொடுமையை எங்கே சொல்ல? சேம்பருக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம், போனது மூக்கின் உணர்வு. அதன்பின் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடலாம். சாய்ந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான். 2015-இல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் விழுந்த இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற, வழியே போன ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார். மூன்று பேருமே போய்விட்டார்கள். அந்தச் செய்திதான் கேரளத்து இளைஞர்கள் சிலரைக் குழிக்குள் இறங்கும் ரோபோ செய்ய வைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பேண்டிகூட், நம் பெருச்சாளி. 

சட்டம் தெளிவாக இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை. இறக்குகிறவர் அதிகாரியாக இருக்கவேண்டும் என்பதில்லை, மேஸ்திரியாக இருந்தாலும் வீட்டுக்காரராக இருந்தாலும் அதேதான். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. என் கட்டரின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கட்டர் இன்றைக்கும் அந்தக் குழாய்க்குள்தான் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு சேம்பரிலோ தெருக்குழாயிலோ இருந்தால் அது நம் வேலை இல்லை, ஜெட் லாரியின் வேலை. 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

வேலை முடிந்ததும் செய்யவேண்டியதை எல்லாரும் அறிவீர்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கழுவிக்கொண்டே மெல்ல இழுங்கள். தலை குழாய் வாய்க்கு வருமுன் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், சுற்றிக்கொண்டே வெளியே வந்த கட்டர் சாட்டை மாதிரி அடிக்கும். துடைத்து எண்ணெய் விடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள், பீடியையும் தொடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சல் வருவது இந்தத் தண்ணீரில்தான். இந்த வேலைக்குப் போய்வந்த ஒருவாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு: சீயக்காய்த் தூளும் தலைமுடியும் சேர்ந்தால் குளியலறைக் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகும், ஜாலிக்கு மேல் ஒரு வலை போட்டு வையுங்கள். வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். கொட்டிவிட்டீர்கள், அடைத்துக்கொண்டது, நாங்கள் வந்துவிட்டோம் என்றால், அந்த அரைமணி நேரம் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், மிக்சியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அந்தப் பையன் இன்றைக்குச் சொந்த மெஷின் வைத்திருக்கிறான், நான்காவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் மெஷினின் கால் சுவிட்ச் நன்றாக வேலை செய்கிறது. அதைத்தான் மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பத்தடிக் குழாயில் தேங்காய் நாரை அடைத்து வைத்திருக்கிறேன். முறுக்கு கையில் எப்படித் தெரியும் என்பதைத் தொட்டுப் பார்க்க விரும்புகிற தம்பிகள் இருவர் இருவராக வரலாம். தோல் கையுறை ஆறு ஜோடி இருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், துண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையையும் நான் இந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டுத்தான் அங்கே வரப்போகிறேன்.